டொராண்டோவில் சார்ஸ் (2003): செவிலியர் பணிச்சூழலும் நோயாளிகளின் பாதுகாப்பும்

2003 மார்ச் 7 அன்று, ஹாங்காங்கில் ஒரே விடுதியிலிருந்து கிளம்பிய சார்ஸ் தொற்று கனடாவின் இரண்டு நகரங்களில் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. வான்கூவரில் அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளி சிறிது நேரத்திலேயே தனிமைப்படுத்தப்பட்டார். செவிலியர்கள் முகக்கவசம் அணிந்தனர். டொராண்டோவில், தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ பகுதி மருத்துவமனைக்கு வந்தவரோ, இரவு முழுவதும் அவசரப் பிரிவில் மற்ற நோயாளிகளுக்கிடையே படுத்திருந்தார். மூச்சுத்திணறலுக்காக அவருக்கு மருந்து ஆவியாக்கிக் கொடுக்கப்பட்டது. அருகில் படுத்திருந்தவருக்கும் நோய் தொற்றியது. வான்கூவருக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்றாலும், அங்கு முன்னெச்சரிக்கை அறிவிப்பு ஏற்கெனவே போயிருந்தது என்பதை மறுக்க இயலாது.

ஒண்டாரியோ மாகாணத்தில் 375 பேர் நோயுற்றனர். 44 பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் சுகாதாரப் பணியாளர்கள். இரண்டு செவிலியரும் ஒரு மருத்துவரும் உயிரிழந்தனர். நோய் பரவிய முதன்மைக் களம் தெருவோ சந்தையோ அல்ல, மருத்துவமனையே.

இதற்கான காரணங்கள் நோய்க்கு முன்பே இருந்தன. 1990களின் செலவுக் குறைப்பால் முழுநேரச் செவிலியர் பணியிடங்கள் சுருங்கின. பலர் பகுதிநேரமாக, ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் வேலை பார்த்தே வாழ்க்கை நடத்தினர். சிக்கனம் என்று கருதப்பட்ட இந்த ஏற்பாடு, தொற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் வழியாகவும் மாறக்கூடும். என்-95 முகக்கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்னும் சோதனையைப் பல மருத்துவமனைகள் அதுவரை நடத்தியதே இல்லை. தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் எனக் கருதப்பட்ட செவிலியர்கள் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் மட்டுமே சென்றுவரலாம். வீட்டிலும் முகக்கவசத்துடன் குடும்பத்தினரிடமிருந்து விலகியே இருக்க வேண்டும். பார்வையாளருக்குத் தடை இருந்ததால், உறவினர் செய்துவந்த பணிவிடைகளும் அவர்கள் தோளிலேயே விழுந்தன.

மிகவும் வருந்தத்தக்கது மே மாதத்தில் நடந்தது. நோய் அடங்கிவிட்டதென நம்பி, பாதுகாப்பு விதிகள் தளர்த்தப்பட்டன. மே 17 அன்று மாகாண நெருக்கடிநிலையும் நீக்கப்பட்டது. ஆனால் நார்த் யார்க் பொது மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் நோய் கண்டறியப்படாமலே பரவிக்கொண்டிருந்தது. நோயாளிகளிடம் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் தென்படுவதைக் கண்ட செவிலியர்கள் ஐயம் எழுப்பினர். அது சார்ஸ் அல்ல என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மே 23 அன்று இரண்டாம் அலை அறிவிக்கப்பட்டது. இதற்குள் நோயாளிகளும் அவர்களைக் காண வந்த உறவினரும் செவிலியரும் ஒருசேரத் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். இறந்த செவிலியருள் ஒருவர் அந்த எலும்பு சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்தவர். படுக்கையருகே நிற்பவரின் கண்ணே முதல் எச்சரிக்கைக் கருவி. அதன் சொல் மேலே எட்டாதபோது நோயாளிக்கும் காப்பில்லை.

நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2007 சனவரியில் வெளிவந்தது. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைகளுக்கு அறிவியல் உறுதிப்பாடு கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதே அதன் மையக் கருத்து. பணியாளர் பாதுகாப்பை நோயாளிகளின் பாதுகாப்பிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் அதன் பக்கங்களில் தெளிவாகிறது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கொரோனா வந்தபோது, அதே மாகாணத்தில் என்-95 முகக்கவசம் யாருக்குத் தேவை என்ற வாதம் மீண்டும் எழுந்தது. 2020 ஏப்ரலில் ஒண்டாரியோ செவிலியர் சங்கம் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் சிலவற்றுக்கு எதிராக நீதிமன்றத்தை நாடியது. உரிய முகக்கவசங்களைச் செவிலியருக்குத் தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.