பி.ஏ. படித்து என்ன கிட்டும்?
நம் கடற்கரையில் கலைப்பட்டம் வந்த வரலாறு

யூபிலி மலர் என்றால் கோயிலுக்குக் கல் நாட்டிய ஆண்டு, மணி வந்த ஆண்டு, பங்குத்தந்தையரின் பெயர் வரிசை ஆகியவை இடம்பெறுவது முறை. அவற்றை அன்பர்கள் பிற பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தவுடன், சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பெற்றோர் பங்கு மேடைக்கு வருகிறார்கள். பிள்ளை வரலாறோ தமிழோ ஆங்கிலமோ படிக்க விரும்புகிறது என்றால், கடிதத்தைக் கையில் வாங்குமுன் தாயார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பி.ஏ. படிச்சா என்ன கிட்டும் சாமி?”

கேள்வி நியாயமானது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு மறையுரைப் பாணியில் பதில் சொல்வதைவிட, இப்படிப்பைப் படித்தவர்கள் உண்மையில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்பதே நேர்மை.

நம் கரையில் கால் வைத்த முதல் கலைப்பட்டதாரிகளுள் ஒருவர் நம் ஞானத்தந்தை புனித சவேரியார். அவரது திருவுருவத்தில் சிலுவையைப் பார்க்கிறோம். பட்டத்தை யாரும் நினைப்பதில்லை. 1525-இல் பாரீசுப் பல்கலைக்கழகம் சென்று, 1530-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அங்கே ஒரு கல்லூரியில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பித்தவர் அவர். அக்காலக் கலைப்படிப்பின் அடித்தளம் ஏழு கலைகள்: இலக்கணம், சொல்வன்மை, தர்க்கம், எண்ணியல், வடிவியல், இசை, வானியல். (கடைசியாகச் சொன்னதை நம் மூத்த மீனவர்கள் கல்லூரிக்குப் போகாமலே கற்றிருந்தார்கள், விண்மீனைப் பார்த்தே கரை திரும்பியவர்கள் அவர்கள்.) அவர் எதற்காகப் படித்தார்? நம் பிள்ளைகளைப் போல உத்தியோகத்திற்காகத்தான். சொந்த நாடான நவாராவில், பம்ப்ளோனா பேராலயத்தில் வருமானமுள்ள கனோன் பதவியைப் பெற அவர் முயன்றது வரலாறு. விடுதி அறையில் உடன் தங்கிய இஞ்ஞாசியார் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டார்.

படிப்பு மட்டும் வீணாகவில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவுடன், மொழி தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கினார். பிறகு அவற்றை மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். 1544-இன் இறுதியில் நம் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரு மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவ்வாண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து எழுதிய மற்றொரு கடிதத்தில், ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாகப் பாரீசுக்குப் போய், கல்வி மிகுந்து அன்பு குறைந்தவர்களை நோக்கிக் கூவ வேண்டும்போல் இருக்கிறது என்று வருந்துகிறார். படிக்காதவர் படிப்பைப் பழித்ததன்று இது. அங்கே கற்று, அங்கே கற்பித்தவரின் ஆதங்கம்.

அவருக்குப் பின் பல தலைமுறைகள் நம் கடற்கரைக்கு மறைக்கல்வி வந்தது, பட்டப்படிப்பு வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத் தமிழர். அவர்களுள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய கல்லூரியில் பயின்றவர். அவர் போன வழியைப் பாருங்கள். ஆசிரியர் ஆனார், பத்திரிகை நடத்தினார், அரசின் கணக்குத்துறையில் உயர்ந்தார், நடுவயதில் சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியானார். இவற்றுக்கிடையே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) கலித்தொகையையும் (1887) ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஒரு பட்டம், ஐந்து வேலை!

நமக்கு அருகிலும் அப்படித்தான். ஆலப்புழையில் 1855-இல் பிறந்த பெ. சுந்தரம்பிள்ளை தத்துவ எம்.ஏ. படித்தவர். திருநெல்வேலியில் பள்ளித் தலைமையாசிரியர், திருவனந்தபுரத்தில் வருவாய்த்துறை அதிகாரி, பின்னர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். அவர் 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப் பாடலைத்தான் 1970-இல் அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 1990-இல் நெல்லையில் தோன்றிய பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது. ஆகவே இன்று நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தாலும், பட்டச் சான்றிதழில் அச்சாகி வருவது ஒரு தத்துவ எம்.ஏ.வின் பெயரே.

நம் குருக்களுள் தனிநாயகம் அடிகளைச் சொல்லாமல் விட முடியாது. உரோமையில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்று வந்த இந்த யாழ்ப்பாணத்துக் குரு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில்தான் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மாணவரோடு மாணவராக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து தமிழ் எம்.ஏ. படித்தார். முனைவருக்கு மறுபடியும் எம்.ஏ. எதற்கு என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள். 1966-இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வித்திட்டவர் அவரே.

இவர்கள் யாரும் கடலில் வலை வீசிய குடும்பத்தினர் அல்லர் என்று யாரேனும் சொல்லலாம். உண்மை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இலேயே கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. ஆனால் மீசை முளைக்குமுன் மரத்தில் ஏறித் தொழிலுக்குப் போன நம் பையன்களுக்கு நாகர்கோவில் வெகு தொலைவு. பேருந்துக் கட்டணம் மட்டும் காரணமன்று. கரையில் அன்றாடம் கிடைக்கும் கூலி இழுத்தது. மார்த்தாண்டத்தில் 1964-இல் கல்லூரி வந்தது. பெண்களுக்காக 1965-இல் நாகர்கோவிலில் திருச்சிலுவைக் கல்லூரி வந்தது. கழிமுகத்துக்கு அக்கரையில் தூத்தூரில் 1981-இல் புனித யூதா கல்லூரி தொடங்கியபோதுதான் பட்டப்படிப்பு கடல் மணலுக்கே வந்து சேர்ந்தது. அதன் பயனை முதலில் கண்டுகொண்டவர்கள் நம் பெண் பிள்ளைகள் என்பது நம் எண்ணம். தம்பி தங்கல் வள்ளத்துக்குப் போனான், அக்காள் பி.ஏ.வும் பி.எட்.டும் முடித்து ஆசிரியையானாள். இத்தகைய வீடுகள் நம் கடற்கரையில் ஒன்றிரண்டல்ல.

இனி 2017-க்கு வருவோம். நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கி புயல் அடித்து, அக்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஓலம் எழுந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் பங்கு மேடைகளே அலுவலகங்களாயின. காணாமற்போனவர் பெயர், வள்ளத்தின் பதிவு எண், கடைசியாகப் பேசிய நேரம் என்று பட்டியல் எழுத வேண்டியிருந்தது. பங்குகளின் கணக்கும் அரசின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. கடலில் காணாமற்போனவர் இறந்தார் என்று கொள்ள, வழக்கமான சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அவ்விதியைத் தளர்த்தச் செய்யாவிட்டால், அரசு அறிவித்த 20 லட்ச ரூபாய் காகிதத்தில்தான் இருந்திருக்கும். கேரளத்திலும் கர்நாடகத்திலும் இலட்சத்தீவிலும் ஒதுங்கியவர்களைத் தேடி அங்குள்ள அதிகாரிகளிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மனு எழுத வேண்டும். அரசாணையை வாசித்து அதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து இவ்வேலையைச் செய்யக்கூடிய பிள்ளைகள் எந்தப் பங்கில் இருந்தார்களோ அந்தப் பங்கின் விதவைகளுக்கு அலைச்சல் குறைந்தது என்பதே நம் கணிப்பு.

அதற்கு முன்பே, 2016-இல், பக்கத்து இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்தபோதும் இதே கதைதான். மறியல் செய்ய ஆயிரக்கணக்கில் ஆள் திரண்டார்கள். திட்ட அறிக்கையின் ஆங்கிலப் பக்கங்களைப் புரட்டிப் பொருள் சொல்ல விரல் விட்டு எண்ணுமளவே ஆள் இருந்தார்கள். நம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போனதற்கும் இன்னும் மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். தூண்டில் வளைவைச் சரியாகக் கட்டப் பொறியியல் படித்தவர் வேண்டும். அதை ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று சபையில் எழுந்து கேட்க வேறொரு படிப்பும் வேண்டும்.

சரி, தாயாரின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டது ஊர்ச்சேவையைப் பற்றியன்று, சம்பளத்தைப் பற்றி. மழுப்பாமல் சொல்கிறோம்: பி.ஏ. முடித்த முதல் ஆண்டில், நர்சிங் முடித்த பெண்ணும் ஐ.டி.ஐ. முடித்து வளைகுடா போன பையனும் கூடுதலாகச் சம்பாதிப்பார்கள். கலைப்பட்டம் மெதுவாகக் காய்க்கும் தென்னை. இரண்டாவது படி ஒன்றை ஏறினால்தான் காய் தெரியும்: பி.எட்., சட்டம், சமூகப்பணி, அல்லது போட்டித் தேர்வு. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்கும், வங்கி அதிகாரித் தேர்வுக்கும் கேட்பது ஏதேனும் ஒரு பட்டம்; பொறியியல்தான் வேண்டும் என்றில்லை. மறுபக்கம், கடன் வாங்கிப் பொறியியல் முடித்துச் சம்பந்தமில்லாத கடையில் பில் போடும் பிள்ளைகளையும் நாம் பார்க்கிறோம்.

ஆனால் ஒன்று. மூன்றாண்டும் தேர்வுக்கு முந்திய வாரம் கைடு வாங்கி மனப்பாடம் செய்து தேறிய பிள்ளைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தமிழில் பிழையின்றி ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் சொந்தமாக எழுதத் தெரியாத பி.ஏ. வெறும் தாள். எழுத்துத்தான் இப்படிப்பின் தொழில் ஆயுதம். நம் ஊரிலேயே சான்று உண்டு. 1944-இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த இஸ்லாமியச் சகோதரர் தோப்பில் முகமது மீரான் மலையாளவழியில் பள்ளிக்கல்வி கற்றவர், நெல்லையில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். இந்த மணலையும் இந்த மனிதர்களையும் எழுதி, ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 2019-இல் மறைந்தார். கடையும் நடந்தது, எழுத்தும் நடந்தது.

முடிக்குமுன் ஒரு விண்ணப்பம். திருவிதாங்கூர்க் காலத்துப் பங்குப் பதிவேடுகளில் இலத்தீனும் மலையாளமும் தமிழும் கலந்து வருகின்றன. தாள் பொடிகிறது. இலத்தீன் பகுதிகளை நாம் குருமடத்தில் கற்றதைக் கொண்டு வாசித்துவிடுவோம். மலையாளக் கையெழுத்தை வாசித்து, பெயர்களை ஒழுங்காகத் தமிழில் பெயர்த்தெழுத ஆள் தேவை. வரலாறோ மொழியோ படிக்கும் மாணவ மாணவியர், பாட்டியிடம் மலையாள எழுத்துக் கற்றவர்களாயின் மிக நன்று, சனிக்கிழமை மாலைகளில் பங்கு மேடைக்கு வரலாம். மேசையும் விளக்கும் கட்டஞ்சாயாவும் நம் பொறுப்பு.