ஹோண்டா கப்பும் கெடாத் தோட்டங்களும்

தோட்டப்புற வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் மறப்பதில்லை. லயத்து வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை மறந்துவிடுகின்றனர்.

1958ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்த ஹோண்டா கப், பினாங்கு வணிகர் லோ பூன் சியூவின் முயற்சியால் இந்நாட்டில் பரவியது. கிளச்சுப் பிடி இல்லாத எளிய வண்டி. ‘கப்’போடு சிறியது என்னும் பொருள்படும் சீனச்சொல் சேர்ந்து ‘கப்சாய்’ என்ற செல்லப்பெயரும் அதற்கு வாய்த்தது. 2017க்குள் உலகெங்கும் 10 கோடி கப் வண்டிகள் உற்பத்தியாயின.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் அவ்வண்டி ஆலையிலிருந்து வந்த உருவிலேயே நிலைத்திருக்கவில்லை. பால் வாளிகளைச் சுமப்பதற்காகப் பின்புறம் இரும்புச் சட்டம் பொருத்தப்பட்டது. அழகுக்காகச் செய்த மாற்றமன்று அது, பிழைப்புக்காகச் செய்தது.

இன்று பழைய கப் வண்டிகளைத் தேடுவோருள் இளைஞர் சிலர் பெரிய இயந்திரம் பூட்டி, உருவையே மாற்றிவிடுகின்றனர். அவர்களைக் கடிந்துரைக்கும் மூலப்பற்றாளரோ பால் சட்டத்தை அறுத்தெறிந்து, ஆலை வண்ணத்தைப் புதிதாகப் பூசுகின்றனர். எது மூலம்? ஏட்டின் ஓரத்தில் பிற்காலத்தார் எழுதிய குறிப்பைச் சுரண்டிவிட்டு நூலைப் பதிப்பிப்பவரை நாம் நல்ல பதிப்பாசிரியர் என்போமா? ரப்பர்க் காடுகள் பல செம்பனைக்கு இடம்விட்டன. லயங்கள் பல இடிந்தன. எஞ்சிய சான்றுகளுள் ஒன்றான அச்சட்டம், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது.