ஆடியில் வரும் கேவர்

யானைக்கவுனியில் இன்று கவுனி இல்லை. 1767-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் ஓரம்வரை வந்து சூறையாடிப் போனது. அந்த அச்சத்தில் கறுப்பர் நகரத்தைக் காக்கக் கும்பினியார் எழுப்பிய மதிலின் மேற்கு வாசல்களில் ஒன்றுதான் அந்தக் கவுனி. மதிலுக்கென்று வரி கேட்ட கதை வால்டாக்ஸ் சாலையின் பெயரில் தங்கிவிட்டது. வாசலுக்கு உட்புறம் வட்டித்தொழில் செய்த சாகுகார்களின் பேட்டை சௌகார்பேட்டை ஆயிற்று. அங்கே குடியேறிய குஜராத்திகளும் மார்வாடிகளும் பண்டிகை நாள்காட்டியையும் உடன் கொண்டுவந்தார்கள். மின்ட் தெருவின் மிட்டாய்க் கடைகளில் அதை இன்றும் படிக்கலாம்.

சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக். ஹோலிக்கு குஜியா. ஆடி வந்தால் கேவர்.

கேவர் செய்வது பார்க்க வேண்டிய வேலை. நெய்யைப் பனிக்கட்டியோடு வெளுக்கும்வரை தேய்த்து, மைதாவும் குளிர்ந்த நீரும் சேர்த்து நீர்க்கக் கரைக்கிறார்கள். கொதிக்கும் நெய்யில் நிற்கும் வளையத்துக்குள் அந்த மாவு உயரத்திலிருந்து நூலாக விழுகிறது. நுரைத்துப் பொங்கி, அடங்கி, தேன்கூடுபோல் கண்கண்ணாக இறுகுகிறது. பிறகு சர்க்கரைப்பாகு, விரும்பினால் மேலே சுண்டக் காய்ச்சிய பாலான ரப்டி.

ராஜஸ்தானில் தீஜ் பண்டிகைக்கு முன், மணமான மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் ‘சிந்தாரா’ சீரில் கேவர் இருக்கும். நம் வீடுகளில் ஆடிச்சீர் போகும் காலமும் அதுவே. ஆவணி அவிட்டத்தை ஒட்டி ராக்கி கட்டும் பௌர்ணமியோடு கேவர் காலம் முடிகிறது.

இப்படிப் பருவத்தைத் தின்பண்டத்தில் பிடித்துவைக்கும் கலையில் ஜப்பானியர் தேர்ந்தவர்கள். வசந்தத்தில் செர்ரி இலை சுற்றிய சகுராமோச்சி. ஜூன் 30 அன்று கியோட்டோவில், பனிக்கட்டித் துண்டை நினைவூட்டும் வெள்ளை முக்கோண மினாஸுகி. தேநீர்ச் சடங்கில் இனிப்பை முதலில் உண்டு, அதன் பிறகே கசக்கும் மட்சாவைப் பருகுகிறார்கள். சௌகார்பேட்டையின் இஞ்சி டீயில் சர்க்கரை ஏற்கெனவே தூக்கலாக இருப்பதால், அதற்குத் துணை கச்சோரிதான்.

ஆனால் மினாஸுகி கியோட்டோவின் கோடைக்குப் பிறந்தது. கேவரோ ராஜஸ்தானத்து மழைக்குப் பிறந்து, ஐப்பசியில் பெருமழை காணும் சென்னையில் ஆடியிலேயே அடுப்பேறுகிறது. ஊர் மாறியும் அது தன் மாதத்தை விடவில்லை. இந்த வட்டாரத்தின் வரலாற்றுச் சின்னங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

அடுத்த ஆடியில் ஒருநாள் மாலை மின்ட் தெருவுக்குப் போங்கள். முதலில் ரப்டி இல்லாத கேவரைக் கேளுங்கள். அதில்தான் நெய்யின் மணமும் மாவின் மொறுமொறுப்பும் தெரியும்.