எத்தனை வாட், எந்தச் சூட்டில்?

எஸ்எம்பிஎஸ் எனப்படும் கணினி பவர் சப்ளைப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 450, 550, 750 என்று பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். கணினி கட்டுகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது அந்த எண்ணை; பெரும்பாலும் அதைத் தாண்டி வேறெதையும் பார்ப்பதில்லை. ஆனால் போர் போடுகிற எந்த விவசாயியும் மோட்டார் எத்தனை ஹெச்பி என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. எத்தனை அடி ஆழத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்றும் கேட்பார். வாட் கணக்கும் அப்படித்தான். எவ்வளவு சூட்டில், எந்த வோல்ட் இணைப்பில், எவ்வளவு நேரத்துக்கு என்ற மூன்றும் தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. சொந்தக் கணினி என்ற பொருள் பிறந்தபோது இந்த நிபந்தனைகள் எண்ணோடு ஒட்டியே இருந்தன. பிறகு உதிர்ந்தன. அவற்றைத் தேடி எடுத்துத் திரும்பச் சேர்த்ததில், தர விதிகளை எழுதிய பெரிய நிறுவனங்களைவிட, பெட்டிகளின் மேல் முழுச் சுமையை ஏற்றி அளந்து பார்த்த சில தனி மனிதர்களுக்கே பங்கு அதிகம்.

1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினியின் உள்ளே ராட் ஹோல்ட் வடிவமைத்த 38 வாட் பவர் சப்ளை இருந்தது. மின்விசிறியின் இரைச்சல் இருக்கக்கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். மூடிய பிளாஸ்டிக் உறைக்குள், விசிறி இல்லாமல், பழைய பாணி கனமான டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால் சூடு தாங்காது. அதனால் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் ஸ்விட்சிங் முறையை ஹோல்ட் எடுத்துக்கொண்டார். அந்த முறையையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று பின்னால் பேசப்பட்டது சரியல்ல. அளவைக் கருவிகளிலும் பெரிய கணினிகளிலும் அது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. நமக்கு இங்கே முக்கியமானது வேறு: உறை எப்படி இருக்கும், சூடு எந்த வழியாகப் போகும், எத்தனை வாட் வேண்டும் என்ற மூன்றையும் ஒரே மேசையில் ஒரே கூட்டத்தார் முடிவு செய்தார்கள். 1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசியில் 63.5 வாட் சப்ளையை வைத்ததும் அப்படித்தான். 63.5 என்ற அந்தத் தசம எண்ணைப் பாருங்கள். விற்பனைக்காக வட்டமாக்கிய எண்ணாக இருந்திருந்தால் 65 என்றோ 70 என்றோ போட்டிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க்கோடு வந்த எக்ஸ்டி மாடலுக்கு 130, 1984-இல் வந்த ஏடி மாடலுக்கு 192. உள்ளே என்னென்ன பூட்டப்படும் என்பதை அறிந்தவர்கள் கூட்டிப் பார்த்துக் கேட்டு வாங்கிய அளவுகள் இவை.

ஐபிஎம்மைப் பார்த்துச் செய்த கணினிகள் பெருகியதும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. கேபினெட் ஒருவருடையது, மதர்போர்டு இன்னொருவருடையது, பவர் சப்ளை மூன்றாமவருடையது. மூன்றையும் ஒன்று சேர்ப்பவர் கடைக்காரர், அல்லது வாங்குகிறவரே. எந்தக் கணினிக்குள் போகப்போகிறது என்றே தெரியாமல் ஒரு பவர் சப்ளை செய்யப்படும்போது, அதன் மேல் எழுதும் எண்ணுக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் விதி திருகு ஓட்டைகளையும் இணைப்பு முனைகளையும் ஒழுங்கு செய்தது. கறுப்பு வயர்கள் நடுவில் வரும்படி செருகாவிட்டால் போர்டே கருகும் என்றிருந்த பழைய இரட்டை இணைப்பு ஒழிந்து, ஒரே விதமாக மட்டும் பொருந்தும் 20 பின் இணைப்பு வந்தது பெரிய நன்மை. ஆனால் தாளில் எழுதும் வாட்டைச் சோதிக்க அந்த விதியில் யாரும் அமர்த்தப்படவில்லை. 2000-இல் பெண்டியம் 4 வந்தபோது இதன் விளைவு வெளிப்பட்டது. அதுவரை முக்கியமாக 5 வோல்ட், 3.3 வோல்ட் இணைப்புகளிலிருந்து மின்சாரம் எடுத்த பிராசசர், 12 வோல்ட்டுக்கு மாறியது; அதற்கென்றே 4 பின் கொண்ட தனி இணைப்பு வந்தது. பழைய வடிவமைப்பில் செய்த ஒரு பெட்டியில் 400 வாட் என்று போட்டிருக்கலாம். அதே தாளின் சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்று இருந்தால், புதிய கணினிக்கு உண்மையில் பயன்படுவது 180 வாட்தான். மீதி வாட் எல்லாம் யாரும் அதிகம் கேட்காத இணைப்புகளில் கிடக்கும். எண் பொய்யல்ல என்று கூட வாதிடலாம். ஆனால் வாங்கியவர் ஏமாந்தார்.

அந்த ஆண்டுகளில் விமர்சனம் எழுதியவர்களும் அதிகம் உதவவில்லை. பெட்டியைக் கணினியில் மாட்டி, ஒரு விளையாட்டை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் 12.1 வோல்ட் காட்டுகிறது என்று எழுதி, வயர்களின் மேலுறையையும் பெயிண்டையும் பாராட்டி முடித்துவிடுவார்கள். 200 வாட் இழுக்கும் கணினியை வைத்து 500 வாட் பெட்டியைச் சோதிக்க முடியாது என்ற எளிய கணக்கைக் கூட யோசிக்கவில்லை. மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. ஸ்விட்சிங் முறையில் நொடிக்குப் பல்லாயிரம் முறை எழுந்து விழும் அலைவை அது காட்டவே காட்டாது. இதே காலத்தில் எலக்ட்ரோலைட் சரியில்லாத கெப்பாசிட்டர்கள் மதர்போர்டுகளிலும் பவர் சப்ளைகளிலும் தலை வீங்கிக் கசிந்தன. மாட்டிய நாளில் சரியான வோல்ட்டைக் காட்டிய பெட்டி சில மாதங்களில் செத்தது எப்படி என்று மல்டிமீட்டரை நம்பியவர்களால் சொல்ல முடியவில்லை. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் செய்த ஒரு சோதனை, வேறொரு பாகத்தில் என்றாலும், சோதனை என்றால் என்ன என்பதைக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசசரின் மேலிருந்து கூலரைக் கழற்றி எடுத்தார்கள். பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. பெண்டியம் 3 நின்றது, ஆனால் பிழைத்தது. ஏஎம்டியின் அத்லான் புகைந்து போனது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது எத்தனை மதிப்பெண் என்பதை அளக்காமல், ஒழுங்கு தவறும்போது என்ன ஆகும் என்பதை அளந்தார்கள்.

பவர் சப்ளைக்கு இந்தக் கண்ணோட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜானிகுரு என்ற பெயரில் எழுதிய ஜான் ஜெரோ. அவரும் அவரைப் போன்றவர்களும் செய்த சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெட்டியைக் கணினியில் மாட்டுவதே இல்லை. ஒவ்வொரு வோல்ட் இணைப்பிலிருந்தும் வேண்டிய ஆம்பியரை இழுத்துச் சூடாக்கி வெளியேற்றும் லோடு டெஸ்டரில் மாட்டுவார்கள். பெட்டியைச் சுற்றி ஓர் அடைப்பு. உள்ளே காற்று 40 டிகிரி, 45 டிகிரி என்று ஏறும். சுமை படிப்படியாக முழு அளவை எட்டும். 12 வோல்ட் இணைப்பு 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது, 12.6-க்கு மேலே ஏறக்கூடாது. ஆசிலோஸ்கோப் திரையில் அலைவின் உச்சிக்கும் அடிக்கும் இடைவெளி 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் 50. பிறகு பெட்டியைத் திறந்து, கெப்பாசிட்டரின் மேல் 85 டிகிரி என்று போட்டிருக்கிறதா 105 என்றா என்று வாசிப்பார்கள். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் பாகம் அது. மின்சாரம் அறுந்த பிறகும் பெட்டி 16 மில்லி வினாடியாவது தாங்குகிறதா என்பதும் ஒரு சோதனை. யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் சில மில்லி வினாடிகளில் கணினி அணைந்து எழுவதைக் கண்டு யுபிஎஸ்ஸைத் திட்டியிருக்கும் நம் ஊர்க்காரர்கள், குற்றம் எங்கே இருந்திருக்கலாம் என்பதை இங்கே தெரிந்துகொள்ளலாம். பல பெட்டிகள் தாளில் உள்ள எண்ணை எட்டும் முன்பே அணைந்தன. சில அணையாமல் வெடித்தன. வாட் எண்ணைவிட்டு உதிர்ந்த சூடும் வோல்ட்டும் நேரமும் இந்த அட்டவணைகளில்தான் திரும்ப வந்தன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: பொருள் மேம்பட்டதற்குக் காரணம் 80 பிளஸ் சான்றிதழ்தான், விமர்சகர்கள் அல்ல என்பார்கள். அதில் பாதி உண்மை. ஈகோஸ் நிறுவனம் 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறனைக் கேட்டது. 2007-இல் அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் விதி இதை ஏற்றுக்கொண்டதும் தொழிற்சாலைகள் வேகமாக மாறின. 300 வாட் கொடுக்க 70 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து சுமார் 429 வாட் இழுத்து 129 வாட்டை வீணாகச் சூடாக்கும். 90 சதவீதம் என்றால் வீணாவது 33 வாட். இது சிறிய காரியமல்ல. ஆனால் திட்டத்தின் நோக்கம் மின்சாரச் சேமிப்பு. அதற்கு வேண்டியதை மட்டும் அளந்தது. சோதனை நடந்தது 23 டிகிரியில். சான்றிதழில் அலைவு இல்லை, பாதுகாப்பு அமைப்பு சரியான நேரத்தில் அணைக்கிறதா என்பது இல்லை, இரைச்சல் இல்லை. மே மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ 23 டிகிரியில் எந்தக் கேபினெட்டும் இயங்காது. 80 பிளஸின் தங்க முத்திரை பெற்றும் சூட்டில் தடுமாறிய பெட்டிகளைப் பிரித்துக் காட்டியது லோடு டெஸ்டர் வைத்திருந்தவர்களே. பின்னாளில் சைப்ரஸில் தொடங்கிய சைபனெட்டிக்ஸ், திறனுக்கு ஈட்டா, இரைச்சலுக்கு லாம்ப்டா என்று தனித்தனிச் சான்று தந்தது. அதைத் தொடங்கியவரும் பவர் சப்ளை விமர்சனம் எழுதி வந்தவர்தான்.

கேபினெட்டின் கதையும் இதோடு பின்னியது. ஏடிஎக்ஸ் விதியின் தொடக்க எண்ணம், பவர் சப்ளையின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பிராசசரின் மேல் ஊத வேண்டும் என்பது. அது சரிவரவில்லை, விசிறி திசை மாறியது. மேல்மூலையில் உட்கார்ந்த பெட்டி பிராசசரின் சூட்டையெல்லாம் தானே குடித்து வெளியே தள்ளும் புகைபோக்கியானது. அமைதியான கணினிகளைப் பற்றி சைலண்ட் பிசி ரிவ்யூவில் எழுதி வந்த மைக் சின் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டினார். 2005-இல் வந்த ஆன்டெக் பி180 கேபினெட்டின் வடிவமைப்பில் அவருக்கும் பங்கு உண்டு. அதில் பவர் சப்ளை அடியில், தனி அறையில் இருந்தது. இன்று விற்கும் பெரும்பாலான கேபினெட்டுகளில் அது அடியில்தான் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சோதிக்கிறவர்களும் நிறுவனங்கள் அனுப்பும் மாதிரிகளை நம்பியே இருக்கிறார்கள். ஜெரோவே பிறகு பவர் சப்ளை விற்கும் கோர்சேர் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். இவர்களை எப்படி நடுநிலையாளர் என்பது? நியாயமான கேள்வி. பொறுக்கி அனுப்பிய மாதிரி நன்றாக இயங்கி, கடைக்கு வரும் பெட்டி வேறாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இந்த முறையின் வலிமை ஆளில் இல்லை; அளந்த நிபந்தனைகளை எழுதி வைப்பதில் இருக்கிறது. இன்னொருவர் கடையில் வாங்கி அதே சூட்டில் அதே சுமையை ஏற்றினால் பொய் தெரிந்துவிடும். 2021-இல் கிகாபைட்டின் 750, 850 வாட் மாடல்கள் இரண்டில் இதுதான் நடந்தது. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற விமர்சனக் குழுவினரின் சோதனையில் பெட்டிகள் வெடித்தன. சுமை மிஞ்சினால் அணைக்கும் பாதுகாப்பு 120 முதல் 150 சதவீதம் வரை காத்திருந்ததை 110 முதல் 120-க்குக் குறைத்ததாக நிறுவனம் அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு மாற்றித் தர முன்வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் என்இசட்எக்ஸ்டியின் எச்1 கேபினெட் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 திரும்பப் பெறப்பட்டன. உள்ளே ஒரு திருகு 12 வோல்ட் தடத்தைத் தொட்டுத் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் திருகு அனுப்பினால் போதும் என்று முதலில் நினைத்த நிறுவனத்தை அந்த முடிவிலிருந்து நகர்த்தியதில் இதே குழுவினரின் செயல்முறை விளக்கத்துக்கும் பங்குண்டு. கூலர் தயாரிப்பாளர்களில் நாக்டுவா, இத்தனை வாட் தாங்கும் என்று எழுதுவதையே விட்டு, தன் கூலர்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் தனி அளவுகோலைத் தருகிறது. கேபினெட்டும் அறைச் சூடும் தெரியாமல் வாட் சொல்ல முடியாது என்று ஒரு விற்பனையாளரே ஒப்புக்கொள்வதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்கு இத்தனையும் எதற்கு, கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் பல ஆண்டுகள் ஓடவில்லையா என்பவர்களும் உண்டு. ஓடியது, ஏனென்றால் அந்தக் கணினிகள் பெரும்பாலும் 100 வாட்டைத் தாண்டவில்லை. கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் இழுக்கும் காலத்தில் அந்த ஆறுதல் செல்லாது. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தம் அளவைப் பெரிதும் மீறி இழுப்பதை விமர்சகர்கள் ஆசிலோஸ்கோப்பில் காட்டி வந்தார்கள். 2022-இன் ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோ வினாடிக்கு 200 சதவீதச் சுமையைப் பெட்டி தாங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டது. ‘எவ்வளவு நேரத்துக்கு’ என்ற கேள்வி அப்படி விதிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டு கார்டுகளுக்கென வந்த 600 வாட் இணைப்பு உருகத் தொடங்கியது. முழுதும் செருகாவிட்டால் மின்சாரம் போகாதபடி 2023-இல் உணர் பின்களைக் குட்டையாக்கினார்கள். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு வயர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 8.3. 2025 பிப்ரவரியில் டெர்பவுவர் என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் கார்டு ஒன்றின் இணைப்பில் ஒரு கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயரிலும் மாட்டிப் பார்த்தார். ஒரு வயரில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பவர் சப்ளைப் பக்க முனை 150 டிகிரியை எட்டியது. ஆறு வயர்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதிய எண் அந்த 600. சமமாகப் பகிர்கிறதா என்று கண்காணிக்கும் ஏற்பாடு அந்தக் கார்டில் இல்லை.