ஒரு ஸ்டார் ரிவ்யூவும் உணவு நஞ்சும்: நியூயார்க் கதை

1/
போன வாரம் வாந்தி, பேதி, காய்ச்சலோடு ஒரு தம்பி வந்தார். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் போனில் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார்.

"என்னப்பா அவ்ளோ அவசரம்?"

"நேத்து நைட் சாப்பிட்ட ஹோட்டலுக்கு ஒரு ஸ்டார் போடுறேன் சார். நாலு பேர் தெரிஞ்சுக்கணும்ல."

அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ஒரு ஸ்டாரைப் பற்றி ஒரு வரலாறு இருக்கிறது. படியுங்கள்.

2/
ஒரு காலத்தில் ஹோட்டல் நல்லதா கெட்டதா என்று எழுதியவர்கள் பெரும்பாலும் பத்திரிகை விமர்சகர்கள்தான்.

1979-ல் நியூயார்க்கில் டிம் ஜகாட், நினா ஜகாட் என்ற வக்கீல் தம்பதி இதை மாற்றினார்கள். "ஒரே ஒருத்தர் நாக்கை ஏன் நம்பணும்? சாப்பிடுற நம்ம எல்லாரையும் கேட்போமே" என்பதுதான் யோசனை. நண்பர்களிடம் படிவம் கொடுத்து மார்க் போடச் சொன்னார்கள். உணவுக்கு 30, அலங்காரத்துக்கு 30, சர்வீஸுக்கு 30.

நகல் எடுத்துக் கைமாறிய அந்தத் தாள்கள் பிறகு புத்தகமாயின. 2011-ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது.

3/
2004-ல் சான் பிரான்சிஸ்கோவில் யெல்ப் வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜெரமி ஸ்டாப்பல்மேனுக்கு ஃப்ளூ காய்ச்சல். நல்ல டாக்டர் யார் என்று இணையத்தில் தேடினார், உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. யெல்ப் யோசனை பிறந்தது அங்கேதான்.

டாக்டரைத் தேடிப் பிறந்த தளம், ஹோட்டல் ரிவ்யூவுக்குப் பேர் போனது!

4/
இனிதான் விஷயம்.

நியூயார்க் நகர சுகாதாரத் துறை ஒரு ஹோட்டலால் பரவிய வயிற்றுப்போக்கை விசாரித்துக்கொண்டிருந்தது. அப்போது ஊழியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அங்கே சாப்பிட்டு நோயுற்ற சிலர் யெல்பில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அரசிடம் புகார் சொல்லவே இல்லை.

அந்த ஊரில் புகாருக்கென்றே 311 என்ற எண் இருக்கிறது. மூன்றே எண்தான். அதைக்கூட யாரும் அழுத்தவில்லை.

5/
பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தோடும் யெல்போடும் கைகோத்தார்கள். 2012 ஜூலை முதல் 2013 மார்ச் வரை சுமார் 2,94,000 ரிவ்யூக்களை ஒரு மென்பொருள் சலித்தது.

▪️ நிபுணர் பார்க்க வேண்டியவை என்று வந்தவை 893
▪️ உணவால் வந்த நோய் போலவே இருந்தவை 499
▪️ அவற்றில் சமீபத்தில் நடந்தவை, அல்லது எப்போது என்று சொல்லாதவை 468
▪️ இந்த 468-ல் 311-க்குப் புகார் போனது வெறும் 3%

அதாவது நூறில் 97 பேர் ஊருக்கே சொன்னார்கள். நடவடிக்கை எடுக்க வேண்டியவரிடம் மட்டும் சொல்லவில்லை.

6/
எழுதியவர்களுக்கு யெல்ப் வழியாகவே மெசேஜ் அனுப்பினார்கள். கடைசியில் போனில் முழுமையாகப் பேச முடிந்தது 27 பேரிடம்தான்.

அந்த 27 பேரிலிருந்தே, யாருக்கும் தெரியாமல் போயிருந்த 3 நோய்ப் பரவல்கள் வெளியே வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 16 பேர். மூன்று ஹோட்டல்களிலும் போய்ச் சோதித்தபோது உணவைக் கையாள்வதில் பல குறைகள் பிடிபட்டன.

2014 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் இது வெளியானது.

7/
"அப்போ ரிவ்யூ போட்டா போதுமே டாக்டர்?"

போதாது. 893-ல் பாதிக்கு மேல்தான் தேறின, கவனித்தீர்களா? மிச்சத்தைக் கழிக்க ஒரு நிபுணர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

அதோடு, நாம் பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாட்டின் மேல்தான் பழி போடுவோம். கிருமிகளுக்கோ தனித்தனிக் கணக்கு:

▪️ ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு: 30 நிமிடம் முதல் 8 மணி நேரம்
▪️ சால்மோனெல்லா: 6 மணி நேரம் முதல் சில நாட்கள்
▪️ கேம்பைலோபாக்டர்: 2 முதல் 5 நாட்கள்

8/
நம்ம தம்பிக்கு வருவோம்.

"முந்தாநாள் எங்கப்பா சாப்பிட்ட?"

கொஞ்சம் யோசித்தார். "சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் சார். மதியம் கட்டிக்கொடுத்த பிரியாணியை ராத்திரி சாப்பிட்டேன்."

குற்றவாளி ஹோட்டலா, விசேஷ வீட்டுப் பிரியாணியா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவராலும் முடியாது. ஆனால் ஒரு ஸ்டார் விழப்போவது ஒரு இடத்தில் மட்டும்தான். அந்த ஹோட்டலில் இலை எடுக்கிறவர் முதல் மாஸ்டர் வரை பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன.

அதேசமயம் தவறு ஹோட்டலுடையதுதான் என்றால், ஒரு ஸ்டார் அந்தச் சமையலறையைச் சுத்தம் செய்யாது. அதைச் செய்ய வைக்க அதிகாரி உள்ளே போக வேண்டும்.

9/
ஆகவே,

✅ முதலில் ஓஆர்எஸ் குடியுங்கள். ரத்தப்போக்கு, கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவு இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.
✅ கடந்த மூன்று நாட்கள் என்ன, எங்கே சாப்பிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.
✅ கூடச் சாப்பிட்டவர்களுக்கும் இதே தொல்லையா என்று கேளுங்கள்.
✅ பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யுங்கள்.
✅ அதன்பிறகு ரிவ்யூ எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது தொல்லை ஆரம்பித்தது, எத்தனை பேருக்கு. "வேஸ்ட், போகாதீங்க" என்பதைவிட இந்த நாலு வரி ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

தம்பி டைப் செய்ததை அழித்துவிட்டு, விசேஷ வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.