டான்டே ஏன் சாகவில்லை?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் லியோனார்டோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே 'க்விக் ஸ்டாப்' என்ற கடையில் கெவின் ஸ்மித் பகலில் கல்லாவில் நிற்பார். ராத்திரி கடை சாத்தியதும் அதே இடத்தில் படம் எடுப்பார். 1993-ல் இப்படி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் 'கிளெர்க்ஸ்'.

செலவு 27,575 டாலர். வரவு? கிரெடிட் கார்டுகளில் இழுத்த கடன், ஆசையாகச் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களை விற்ற காசு. எந்த பேங்க் மேனேஜரும் மயக்கம் போட்டு விழக்கூடிய பேலன்ஸ் ஷீட்!

கதை நடப்பது பகலில், ஷூட்டிங்கோ ராத்திரியில். ஜன்னல் வழியே இருட்டு தெரியுமே? ஷட்டர் பூட்டில் எவனோ சூயிங்கம் அடைத்துவிட்டான், திறக்க முடியவில்லை என்று கதையிலேயே சேர்த்துவிட்டார். பைசா செலவில்லை.

லீவு நாளில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களே என்று படம் முழுக்கப் புலம்புகிறவன் டான்டே. முதலில் எடுத்த முடிவில், கடை மூடும் நேரத்தில் ஒரு திருடன் அவனைச் சுட்டுவிட்டுக் கல்லாவை வழித்துக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான், படம் முடிந்தது. வேண்டாம் என்று நண்பர்கள் சொல்ல, வெட்டினார்கள். 1994-ல் தியேட்டரில் டான்டே பிழைத்தான்; படமும் பிழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் டாலருக்கு மேல் வசூல்.

வெட்டிய முடிவு வீணாகவில்லை. 2004-ல் பத்தாவது ஆண்டு டி.வி.டி.யில் பழைய வடிவமும் வந்தது. அதைப் பார்த்துவிட்டால், முன்னே சிரித்த ஜோக்குகளுக்கு மறுபடி சிரிக்க வாய் வராது. வியாபாரத்துக்குத் தியேட்டர் முடிவு சரி. என் ஓட்டு டி.வி.டி.க்கு.

குண்டுக்குத் தப்பிய டான்டே, 2022-ல் வந்த மூன்றாம் பாகத்தில் மாரடைப்பில் செத்துப்போனான்.