ஒரு கிரவுண்டு மனையும் ஒரு கிணறும்

சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை சிட்லபாக்கத்து நண்பர் ஒருவர் தாம்பரம் ரயில் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாம்பலம் வரை என்னோடு வரவேண்டும், சார். தியாகராய நகரில் எங்கள் பெரியம்மா இருக்கும் வீட்டுக்கு விலை மதிக்க வேண்டும்" என்றார்.

எனக்குக் கத்தரிக்காய் விலையே வீட்டில் சொல்லித்தான் தெரியும். அதைச் சொன்னேன்.

"விலை மதிக்கிற இன்ஜினீயர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் எழுதியது பெரியம்மாவுக்குப் புரியவில்லை. பெரியம்மா சொல்வது எங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் கதை எழுதுகிறவர். இரண்டு பாஷையும் தெரிந்திருக்கும்" என்றார்.

இப்படிப் புகழ்ந்த பிறகு மறுக்க மனம் வருமா? புறப்பட்டுவிட்டேன்.

வீட்டு விலையைப் பற்றி யோசிக்க நம் மின்சார ரயிலைப் போல வசதியான இடம் வேறில்லை. ஏனென்றால் தெற்குப் புறநகர் மனைகளின் விலையை ஏற்றிவிட்டதே அந்த ரயில்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன் பட்டணத்தில் உத்தியோகம் பார்த்தவன் தாம்பரத்தில் குடியிருப்பதென்றால் ஜனங்கள் சிரித்திருப்பார்கள். 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிபெயர்ந்தபோதும், "பையன்கள் அங்கே நரியோடா படிப்பார்கள்?" என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். இன்று அந்தக் கல்லூரியைச் சுற்றி ஒரு கிரவுண்டு வாங்க ஒரு ஜன்மத்துச் சம்பாத்தியம் போதவில்லை. 2004-ல் மீட்டர் கேஜ் வண்டி ஓய்வு பெற்று, அகலப்பாதை முழுக்க வந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இவற்றில் எதையும் அந்த ஊர் மனைக்காரர்கள் செய்யவில்லை. சும்மா இருந்தார்கள், விலை ஏறியது.

குரோம்பேட்டை தாண்டியது. தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி தன் பெயரை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன இடம் அது. பல்லாவரம் வந்தது. 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் இங்கேதான் பழங்கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தப் பக்கம் நல்ல இடம் என்று முதலில் கண்டுபிடித்தவன் அந்த மனிதன்தான். அவனிடம் பத்திரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாம்பலத்தில் இறங்கி, ஜவுளிக்கடைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவாறு அந்தத் தெருவை அடைந்தோம். இரு பக்கமும் நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். நடுவில், பெரிய மனிதர்கள் கூட்டத்தில் அகப்பட்ட குழந்தையைப் போல் ஓர் ஒற்றை மாடி வீடு. முன்னால் ஒரு திண்ணை, சிவப்புச் சிமெண்டுத் தரை, பின்கட்டில் ஒரு கிணறு. மொத்தம் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி.

பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. 1960-ல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவர். பிள்ளை குட்டி இல்லை. கணவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. வீட்டில் பாதி அவருக்கு. மறு பாதி, கணவருடைய தம்பி மக்களான என் நண்பருக்கும் அவர் தங்கைக்கும். நண்பரும் பேராசைக்காரர் அல்ல. மகன் வியாபாரத்தில் இழந்த கடன் அவர் கழுத்தில் இருக்கிறது. பென்ஷன் பணத்தில் வட்டிதான் கட்ட முடிகிறது. அவருக்கு இந்த வீட்டின் பாதி வேண்டும். பெரியம்மாவுக்கு முழு வீடும் வேண்டும். பாதி வீட்டில் எப்படிச் சமைப்பது?

இன்ஜினீயர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்தேன். மனைக்கு இத்தனை கோடி என்று ஒரு தொகை. அதன் கீழே, "கட்டடம்: தேய்மானம் போக மதிப்பு ஏதுமில்லை" என்று ஒரு வரி. கட்டடத்துக்கு இத்தனை வருஷ ஆயுள் என்று வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்தால், தொண்ணூறு வருஷ வீட்டுக்குப் பூஜ்யம்தான் மிஞ்சும். கணக்கில் தப்பில்லை.

ஆனால் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மேலே மதராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கும் வேலை அது. சுவரோ ஒன்றரைக் கல் கனம். வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. உள்ளே மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் போதுமாயிருந்தது. இதற்கு மதிப்பில்லையாம்! ஆனால் இடிக்கிற ஒப்பந்தக்காரர் அந்தத் தேக்குக்காகவே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு இடிப்பார். நிற்கும்போது பூஜ்யம், விழுந்தால் காசு.

சமையலறைச் சுவரில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது.

"அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தம்பி. சித்திரையில் வாயைத் திறக்கும், ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும். நான் வந்த நாளாய் அப்படித்தான்" என்றார் பெரியம்மா.

இந்த இடத்தின் சரித்திரம் முழுவதும் அந்த விரிசலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று இங்கே இருந்தது. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஏரியை வற்றடித்துத் தூர்த்து, பூங்காவை நடுவில் வைத்து வீதிகள் போட்டார்கள். 1925-ல் மறைந்த நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கு வந்தது. பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். ஏரிக்கு யாரும் ஞாபகச் சின்னம் வைக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை மட்டும் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஏரியைத் தவிர மற்றெல்லாம் தெரியும். ஏரி போனாலும் அதன் அடிக் களிமண் போகவில்லை. வெயிலில் சுருங்குகிறது, மழையில் ஊதுகிறது. சுண்ணாம்புச் சுவர் அதோடு கொஞ்சம் வளைந்து கொடுத்து வாழக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பெரியம்மாவின் மாமனார் ரயில்வே குமாஸ்தா. 1936-ல் மனை வாங்கியிருக்கிறார். பத்திரத்தில் கண்ட தொகை இன்று அந்த வீட்டின் ஒரு மாதக் காய்கறிச் செலவுக்குப் போதாது.

"அப்பவே ஒருத்தன் விலைக்குக் கேட்டானாம், தம்பி. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியான வருஷம். கால் விலைக்குக் கேட்டான் என்று என் மாமியார் சொல்வார். 'குண்டு விழுந்தால் வீடு போகும், மனை எங்கே போகும்?' என்று மாமனார் பூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய்விட்டாராம்."

அவர் சொன்னது 1942 ஏப்ரல். பட்டணத்தில் அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் ஏறினார்கள். 1914-ல் எம்டன் கப்பல் குண்டு போட்டபோதும் இதே ஓட்டந்தான். இரண்டு தடவையும் சில மாதங்களில் பயம் தெளிந்து திரும்பினார்கள். திகிலில் விற்றவர்களின் மனைகளை வாங்கியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மாமனார் சொன்னதையே இன்ஜினீயரும் எழுதியிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை: வீடு போய்விட்டது, மனை இருக்கிறது. குண்டு மட்டுந்தான் விழவில்லை.

"பெரியம்மா, சிட்லபாக்கத்தில் எங்களோடு காற்றோட்டமாக இருக்கலாம் என்றுதானே சொல்கிறேன்?" என்றார் நண்பர்.

"ஏண்டா, 2015-ல் உங்கள் பக்கத்தில்தானே படகு விட்டார்கள்?"

நண்பர் பேசவில்லை. அந்த டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், முடிச்சூர்ப் பக்கம் வீடுகள் மூழ்கியதையும் யார் மறப்பார்கள்?

நான் இருவருக்கும் ஒரு சங்கதி சொன்னேன். சர்க்கார் ஒருவருடைய நிலத்தைப் பொதுக் காரியத்துக்குக் கட்டாயமாக எடுத்துக்கொண்டால், சந்தை விலைக்கு மேல் ஆறுதல் தொகை என்று ஒன்று தர வேண்டும். 1894-ஆம் வருஷச் சட்டத்தில் அது நூற்றுக்குப் பதினைந்து. 1984-ல் முப்பது ஆக்கினார்கள். 2013-ஆம் வருஷச் சட்டத்தில் நூற்றுக்கு நூறு. ஒருவனை அவன் இடத்திலிருந்து பெயர்ப்பதில் நிலத்தின் விலையில் அடங்காத நஷ்டம் ஒன்று உண்டு என்பதை வெள்ளைக்காரன் சட்டமே ஒப்புக்கொண்டது. அந்த நஷ்டம் நிலத்தின் விலைக்குச் சமானம் என்று ஒப்புக்கொள்ள நமக்கு நூற்றுப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. குடும்பத்துக்குள் விற்கும்போது மட்டும் அந்தப் பத்தியை எவரும் எழுதுவதில்லை.

"எனக்குப் பணமாக வேண்டாம்" என்றார் பெரியம்மா. எழுந்து போய்ப் பின்கட்டிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "2019-ல் பட்டணமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததே, அப்போதும் இந்தக் கிணறு வற்றவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் வரிசையில் நின்றார்கள். இன்ஜினீயர் காகிதத்தில் கிணறு இருக்கிறதா, பாருங்கள்."

பார்த்தேன். ஆழ்துளைக் கிணறு உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதியிருந்தார். இந்தக் கிணற்றுக்குக் கட்டமே இல்லை. ஏரி செத்துப்போய்விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது இந்தச் செம்பில் இருந்தது.

இனி நான் செய்த மதிப்பீட்டைச் சொல்கிறேன். நண்பரின் கடன் பொய்யில்லை. அதற்கு அவர் பங்கு கிடைத்தாக வேண்டும். பெரியம்மாவின் அறுபது வருஷமும் பொய்யில்லை. ஆகவே மனையை முழுதாக விற்காமல், கட்டுகிறவரோடு கூட்டாக ஒப்பந்தம் செய்யலாம் என்றேன். ஆனால் நாலு நிபந்தனைகள். தரைத் தளத்தில் ஒரு வீடு பெரியம்மாவுக்கு. நிலத்தின் பிரிபடாத பாகம் இத்தனை சதுர அடி என்று அவர் பெயரிலேயே பதிவாக வேண்டும். கட்டி முடிகிற வரையில் இதே தெருவில் வாடகை வீடு. அந்த வாடகையை முன்னதாகவே வங்கியில் போட்டுவிட வேண்டும். கிணற்றைத் தூர்க்கக் கூடாது. மொட்டைமாடி மழைநீர் அதில் இறங்க வேண்டும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எப்படியும் சட்டந்தானே? இவற்றுக்கு ஒப்பாத ஆள் எத்தனை கோடி சொன்னாலும், கால் விலைக்குக் கேட்ட 1942-ஆம் வருஷத்து ஆசாமிக்குத் தம்பிதான்.

பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "உன் கடனை எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அப்பா" என்று நண்பரைப் பார்த்துச் சொன்னார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பாஷைக்கும் நடுவே எது விட்டுப்போயிருந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. விலையைப் பற்றி எல்லாரும் பேசியிருக்கிறார்கள். எதற்காக விலை என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

பெரியம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஐப்பசி கழியட்டும், விரிசல் மூடிக்கொள்வதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்கிறாராம். நண்பரும் சம்மதித்திருக்கிறார்.

அன்று திரும்பும்போது ரயிலில் கூட்டம். பரங்கிமலை தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. நண்பர் மெதுவாக, "சார், எங்கள் சிட்லபாக்கத்து வீடு என்ன விலை போகும்?" என்று கேட்டார்.

"உங்கள் தெருவுக்கு என்ன பெயர்?" என்றேன்.

"ஏரிக்கரைத் தெரு" என்றார்.